அணுகுண்டு: முடிவெடுத்தவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்தவர்களுக்கு இந்த ஒரு மார்க் கேள்வி ஞாபகம் இருக்கும். ஜப்பான்மீது அணுகுண்டு போட உத்தரவிட்ட அமெரிக்க அதிபர் யார்? ட்ரூமன். கல்லூரியில் பாடம் எடுத்த காலம் முழுக்க அந்த விடைக்கு நானும் டிக் போட்டிருக்கிறேன். ஆனால் ட்ரூமன் கையெழுத்துப் போட்ட உத்தரவு எங்கே என்று தேடினால், அப்படி ஒரு காகிதமே கிடையாது.

இருக்கிற காகிதம் வேறு. 1945 ஜூலை 25 தேதி போட்டது. கையெழுத்து தாமஸ் ஹேண்டி என்ற ஜெனரலுடையது. தரைப்படைத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் அப்போது நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய பாட்ஸ்டம் மாநாட்டுக்காக ஜெர்மனியில் இருந்தார், அவர் இடத்தை ஹேண்டி பார்த்துக்கொண்டார். அந்தக் காகிதம்கூட, பசிபிக் போகவிருந்த ஸ்பாட்ஸ் என்ற விமானப்படை ஜெனரல் எழுத்தில் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டதால் பிறந்ததுதான். ஆகஸ்ட் 3 வாக்கில், மேகம் விலகிக் கண்ணால் பார்த்துக் குறிவைக்க முடிகிறபோது முதல் குண்டைப் போடு. ஹிரோஷிமா, கோகுரா, நிகாட்டா, நாகசாகி, இந்த நான்கில் ஒன்று. அடுத்த குண்டுகள் தயாரானதும் அவற்றையும் போடு. உத்தரவின் சாரம் இவ்வளவுதான். தேதியைக் கவனியுங்கள். ஜூலை 25. சரணடையச் சொல்லி ஜப்பானுக்கு விடுத்த பாட்ஸ்டம் அறிவிப்பு வெளிவந்தது மறுநாள்.

ட்ரூமனுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வரவில்லை. தெரியும், சம்மதமும் இருந்தது. ரூஸ்வெல்ட் ஏப்ரல் 12 அன்று திடீரென்று இறந்து இவர் அதிபரானபோது, இப்படி ஒரு திட்டம் இருப்பதே இவருக்குச் சரியாகத் தெரியாது. முழு விவரமும் கிடைத்தது ஏப்ரல் 25 அன்றுதான். அதற்குள் இருநூறு கோடி டாலர் அளவுக்குச் செலவு. தேர் நிலையைவிட்டுக் கிளம்பி நடுத்தெருவுக்கு வந்துவிட்டது. வடம் பிடித்தவர்கள் ஆயிரம் பேர், முட்டுக்கட்டை போடத்தான் ஆள் வேண்டும். திட்டத்தை நடத்திய ஜெனரல் குரோவ்ஸே பின்னாளில், ஏற்கெனவே ஓடுகிற ஏற்பாட்டில் தலையிடாமல் இருந்ததுதான் ட்ரூமன் எடுத்த முடிவு என்று எழுதினார்.

அப்படியானால் முட்டுக்கட்டை போட்டவர் யாருமே இல்லையா? ஒருவர் இருந்தார். எனக்குப் பிடித்த கதை என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1945 மே மாதம், அணுகுண்டு ஆய்வுக்கூடம் இருந்த லாஸ் அலமாஸில் ஒரு குழு கூடி, எந்த ஊரில் போடலாம் என்று பட்டியல் போட்டது. முதலிடம் கியோட்டோ. பழைய தலைநகரம், ஏறக்குறைய பத்து லட்சம் மக்கள், கோயில்கள் நிறைந்த ஊர். அங்கே போட என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? கியோட்டோ மக்கள் படித்தவர்கள், இந்த ஆயுதம் எப்படிப்பட்டது என்பது அவர்களுக்கு நன்றாகப் புரியும். கூட்டக் குறிப்பிலேயே இருக்கிறது.

போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் அந்தப் பட்டியலைக் கேட்டார். குரோவ்ஸ் நழுவப் பார்த்தார், முதலில் மார்ஷலிடம் காட்ட வேண்டும் என்றார். இதை முடிவுசெய்வது மார்ஷல் இல்லை, நான் என்று ஸ்டிம்சன் சொல்லிவிட்டார். கியோட்டோ கூடாது. குரோவ்ஸ் விடவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டார். ஜூலையில் ஸ்டிம்சன் பாட்ஸ்டமில் இருந்தபோதும் வாஷிங்டனிலிருந்து தந்தி போனது. அவர் மறுபடியும் கூடாது என்று சொல்லி, 24-ஆம் தேதி ட்ரூமனையும் சம்மதிக்க வைத்தார். அந்த ஊரை அழித்தால் ஜப்பானியர் தீராத கசப்போடு ரஷ்யா பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். அவர் தேனிலவுக்குப் போன ஊர், அதனால்தான் காப்பாற்றினார் என்று ஒரு கதையும் உலவுகிறது. அவருக்குக் கல்யாணம் ஆனது 1893-இல், கியோட்டோவுக்குப் போனது 1920-களில். கதை ஒட்டவில்லை.

கியோட்டோ வெளியே போனதும் கடைசி நேரத்தில் உள்ளே வந்த ஊர்தான் நாகசாகி.

ஜூலை 25 அன்று ட்ரூமன் டைரியில் எழுதுகிறார்: குறி ராணுவ இலக்குகளும் படைவீரர்களும்தான், பெண்களும் குழந்தைகளும் இல்லை. ஹிரோஷிமாவில் படைத் தலைமையகம் இருந்தது உண்மை. ஆனால் குறிவைத்தது நகரத்தின் நட்டநடுவே இருந்த ஒரு பாலத்தை. அது ஒரு ஊர் என்பதே அவர் மனதில் சரியாகப் பதியவில்லை என்று சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆகஸ்ட் 6 காலை 8.15. அந்த வருடம் முடிவதற்குள் அங்கே செத்தவர்கள் சுமார் 1,40,000 பேர்.

இரண்டாவது குண்டுக்கு யாரும் தனியாக முடிவெடுக்கவே இல்லை. அந்த ஜூலை 25 காகிதமே போதும். 11-ஆம் தேதி போடுவதாக இருந்தது. நடுவில் வானிலை கெடும் என்று தெரிந்ததும் 9-ஆம் தேதிக்கு இழுத்துவிட்டார்கள். விமானம் போனது கோகுராவுக்கு, அங்கே பெரிய ஆயுதத் தொழிற்சாலை. மேலே போய்ப் பார்த்தால் மேகமும் புகையும். மூன்று முறை சுற்றினார்கள், குறி தெரியவில்லை. ஒரு பம்ப் வேலை செய்யாததால் டாங்கில் இருந்த 600 கேலன் எரிபொருளைத் தொடவும் முடியவில்லை. சரி, நாகசாகி என்று திரும்பினார்கள். அங்கேயும் மேகம். குண்டு வெடித்தது குறிவைத்த இடத்தில் இல்லை, உரகாமி பள்ளத்தாக்கில், ஆசியாவின் பெரிய கத்தோலிக்கத் தேவாலயங்களில் ஒன்றுக்குப் பக்கத்தில். மணி 11.02. இப்போது சொல்லுங்கள், நாகசாகியை முடிவுசெய்தது யார்? ஸ்டிம்சனா, மேகமா?

அடுத்த நாள், ஆகஸ்ட் 10. மூன்றாவது குண்டு 17, 18-ஆம் தேதி வாக்கில் தயார் என்று குரோவ்ஸ் குறிப்பு அனுப்புகிறார். அதிபரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் போடக்கூடாது என்று அதே காகிதத்தில் மார்ஷல் எழுதுகிறார். இன்னொரு லட்சம் பேரை அழிப்பதை நினைக்கவே பயங்கரமாக இருக்கிறது, அத்தனை குழந்தைகள் என்று ட்ரூமன் அமைச்சரவையில் சொன்னதாக வணிகத்துறை அமைச்சர் ஹென்றி வாலஸின் டைரியில் இருக்கிறது. ட்ரூமனின் முடிவு என்று நான் சொல்வது இதைத்தான். நிறுத்திய முடிவு.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார். ஜப்பான் பக்கக் கதையைச் சொல்லவே இல்லை, வேகமாகச் சொல்கிறேன். ஆகஸ்ட் 9 அதிகாலை சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. டோக்கியோவில் ஆறு பேர் கொண்ட போர்க்குழு காலையில் கூடியது. நாகசாகிச் செய்தி வந்த பிறகும், எந்த நிபந்தனையில் சரணடைவது என்பதில் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தே நின்றார்கள். நள்ளிரவுக்குப் பிறகு பேரரசர் தலையிட்டுத்தான் முடிந்தது. ஜப்பானைப் பணியவைத்தது குண்டா, சோவியத்தா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. குண்டு தேவையே இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போர் நீண்ட ஒவ்வொரு நாளும் சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து பிடித்துப் போன நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களில் பிழைத்துக் கிடந்தவர்கள் வீடு திரும்பும் வழி திறந்தது ஜப்பான் சரணடைந்த பிறகுதான். இதைத் தனியாக ஒரு உரையாகவே பேச வேண்டும், நிலையத்தார் மறுபடி கூப்பிட்டால் வருகிறேன். நன்றி, வணக்கம்.