கராபாக் கம்பளத்தில் ஐரோப்பிய ரோஜா

நேயர்களுக்கு வணக்கம். அசர்பைஜான் கம்பளங்களைப் புகழ்வோர் அவற்றின் தொன்மையையே முதலில் சொல்வார்கள். அந்த நெசவு அயல்நாட்டு அலங்காரங்களை ஏற்றுத் தனதாக்கிக்கொண்ட விதமோ எனக்கு அதைவிடப் பெரிய சிறப்பாகத் தோன்றுகிறது. அந்நாட்டின் கராபாக் பகுதியில் நெய்த கம்பளங்களில் ஐரோப்பிய ரோஜா புகுந்ததை மரபுக்கு இழப்பு என்று குறைகூறுவோரும் உண்டு; எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மங்கோலியர் ஆட்சிக் காலத்தில் சீனப் பட்டும் பீங்கானும் ஈரானின் தப்ரீஸ் நகர் வரை வந்தன. மேகச் சுருளும் டிராகனும் அவற்றோடு மேற்கே பயணம் செய்தன. அசர்பைஜானை உள்ளடக்கிய தெற்குக் காக்கேசியாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நெய்யப்பட்ட கம்பளங்களில், அந்த டிராகன் பழகிய கண்ணுக்கே எளிதில் புலப்படாத அளவுக்குக் கோணங்களாக மாறிவிட்டது.

ரோஜாவின் கதை இன்னும் சுவையானது. 1813இல் ரஷ்யாவும் பாரசீகமும் செய்துகொண்ட குலிஸ்தான் உடன்படிக்கையின்படி கராபாக் ரஷ்யப் பேரரசின் வசமானது. அதன்பின், குறிப்பாக 1883இல் இன்றைய அசர்பைஜான் தலைநகரான பாக்குவையும் கருங்கடல் கரையையும் ரயில்பாதை இணைத்த பிறகு, ரஷ்ய ஆலைகளின் பூப்போட்ட துணிகளும் தட்டுகளும் பீங்கான்களும் வீடுகளுக்குள் வந்தன. பிரெஞ்சுப் பாணியில் மலர்ந்த அந்த ரோஜாக் கொத்துகளை கராபாக்கின் ஷுஷா நகரத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் இருந்த பெண்கள் தறியில் ஏற்றினார்கள்.

தறியோ வளைவுகளுக்கு எளிதில் இடம் தருவதில்லை. இரண்டு பாவு நூல்களைச் சுற்றிப் போடும் ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி மட்டுமே. முடிச்சுகள் நெருக்கமாக இல்லாவிட்டால் இதழின் வளைவு படிப்படியாக உடைந்துதான் தெரியும். இந்தப் பெண்கள் அதை மறைக்க முயலாமல், இளஞ்சிவப்பின் பல சாயல்களை அடுக்கி, கருநிறத் தளத்தின் மேல் அந்தப் படிகளையே இதழ்களாக்கினார்கள். இதை வெறும் நகல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வீட்டில் விரிக்கும் முறையும் மாறவில்லை: நடுவே பெரிய கம்பளமும் அதன் இருபுறமும் ஒடுங்கிய நீண்ட கம்பளங்களுமாக அமையும் கராபாக்கின் பழைய தொகுதிகளிலும் இந்த ரோஜா இடம்பிடித்தது.

உண்மையான இழப்பு வேறொரு வழியில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த செயற்கைச் சாயங்கள் வேர்களிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் எடுத்த பழைய சாயங்களின் இடத்தைப் பிடித்தன. அவற்றுள் பல வெளிறின, சில நீர்பட்டுக் கசிந்தன. ரோஜாவைக் குறைகூறுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சாயத்தின் குற்றத்தையே அதன்மேல் சுமத்துகிறார்கள். ஷுஷாவில் 1906இல் பிறந்த லதீப் கெரிமோவ் இம்மரபின் வடிவங்களை வகைப்படுத்தும் பணிக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். பாக்குவில் 1967இல் நிறுவப்பட்ட கம்பள அருங்காட்சியகம் முன்பு அவர் பெயரைத் தாங்கி நின்றது. அங்கே செல்ல வாய்க்கும் நேயர்கள் பழைய கோண வடிவங்களைப் பார்த்த அதே பொறுமையோடு கராபாக் ரோஜாக்களையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி.