வாசலுக்கு மோஷன் டிடெக்டர்: ட்ரில்லிங் மெஷினை எடுக்கும் முன்பு பார்க்க வேண்டியவை

[காட்சி: இரவு நேரம். தனிவீடு ஒன்றின் முன்புறம், கிரில் கேட், போர்ட்டிகோ தூணில் வெள்ளை நிற டிடெக்டர்.]

வணக்கம். காம்பவுண்டுக்குள் யாராவது நுழைந்தால், அவர் கதவையோ ஜன்னலையோ தொடுவதற்கு முன்பே சைரனை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான அலாரம் பேனலுக்குத் தகவல் கொடுப்பது வெளிப்புற மோஷன் டிடெக்டரின் வேலை. அதை எங்கே, எந்த உயரத்தில், எப்படிப் பொருத்த வேண்டும் என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

இந்தக் கருவியை வாங்கிய பல வீடுகளில், சில வாரங்களிலேயே அதை அணைத்து வைத்துவிடுகிறார்கள். தெருவில் நாய் போனாலும், காற்றில் வாழை இலை அசைந்தாலும், நள்ளிரவில் சைரன் அலறுகிறது. முதல் இரண்டு முறை எழுந்து வந்து பார்ப்பவர்கள், மூன்றாவது முறை சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். கருவி பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் பழுது கருவியில் இல்லை. அது பார்க்கக் கூடாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே, எதையெல்லாம் அது பார்க்கக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே சுவரில் துளை போட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

[காட்சி: மூடியைக் கழற்றிய டிடெக்டர். உள்ளே சென்சார், முன்னால் பால் நிற பிளாஸ்டிக் லென்ஸ்.]

இடத்தைத் தேர்ந்தெடுக்க, இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். மனித உடல் எப்போதும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அவற்றில் வலுவானவை 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அமைகின்றன. டிடெக்டர் தானாக எந்தக் கதிரையும் வீசுவதில்லை. வருகிற வெப்பக் கதிர்களை வாங்கிக்கொள்ள மட்டுமே செய்கிறது. உள்ளே இருக்கும் சென்சாரில் இரண்டு துண்டுகள் அருகருகே, ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கின்றன. காலை வெயில் ஏறி முற்றம் முழுவதும் மெல்லச் சூடாகும்போது இரண்டு துண்டுகளும் சமமாக அதை உணர்வதால், ஒன்றின் சிக்னலை மற்றொன்று ஈடுகட்டிவிடும், அலாரம் வராது. ஒரு மனிதர் குறுக்கே நடந்தால், அவருடைய உடல் வெப்பம் முதலில் ஒரு துண்டிலும், அடுத்த கணம் மற்றொரு துண்டிலும் விழுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கருவி அசைவு என்று எடுத்துக்கொள்கிறது.

முன்னால் இருக்கும் பால் நிறத் தகடு வெறும் மூடி அல்ல. கலங்கரை விளக்கங்களுக்காக 1820-களில் பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல் வடிவமைத்த லென்ஸின் சிறிய வடிவம் அது. ஒரே சென்சாரின் பார்வையை அது பல கற்றைகளாகப் பிரித்து, பனை ஓலை விசிறியைப் போல முற்றத்தின் மீது விரிக்கிறது. கற்றைகளுக்கு இடையே சிறு இடைவெளிகள் இருக்கும். கற்றைகளைக் குறுக்காகக் கடப்பவரைக் கருவி உடனே கண்டுபிடிக்கும். ஒரே கற்றைக்குள் நேராகக் கருவியை நோக்கி நடந்து வருபவரை அது மிகத் தாமதமாகவே கவனிக்கும். கண்ணாடி இந்தக் கதிர்களைத் தடுத்துவிடும் என்பதால், வீட்டுக்குள் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து வெளியே பார்க்கச் செய்வதும் நடக்காது.

[காட்சி: தரைப்பட வரைபடம். கிழக்கு பார்த்த வீடு, முன்னால் தெரு.]

இப்போது ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பரவலாக இருப்பதைப் போல, ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை. 40 அடி அகலம், 60 அடி நீளம். வாசல் கிழக்கே தெருவைப் பார்த்திருக்கிறது. முன்னால் கார் நிறுத்தும் முற்றம், ஐந்தடி உயரக் காம்பவுண்டு சுவர், நடுவில் கிரில் கேட்.

பெரும்பாலானோர் செய்வது, டிடெக்டரை வாசற்கதவுக்கு மேலே, கேட்டை நேராகப் பார்க்கும்படி வைப்பதுதான். பார்ப்பதற்குச் சரியாகத் தோன்றும் அந்த இடம் மூன்று வகையில் தவறானது. கேட்டிலிருந்து கதவுக்கு வருபவர் கருவியை நோக்கி நேராகவே நடந்து வருகிறார். எனவே அது தாமதமாக விழிக்கும். காலைச் சூரியன் தாழ்வாக எழும்போது ஒளி நேராக லென்ஸில் விழுகிறது. மேகம் வந்து மறைத்து மீண்டும் விலகும் ஒவ்வொரு முறையும் தவறான அலாரத்துக்கு வாய்ப்பு உண்டு. கிரில் கம்பிகளுக்கு இடையே தெருவில் போகும் பைக்கும், நாயும், பால்காரரும் அதன் பார்வையில் படுகிறார்கள்.

அதே கருவியை முற்றத்தின் வடக்கு ஓரத்தில், போர்ட்டிகோ தூணிலோ வீட்டின் மூலையிலோ, தெற்கு நோக்கித் திருப்பி வைத்தால் மூன்று சிக்கல்களும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கேட்டிலிருந்து கதவுக்குப் போகிறவர் விசிறியின் கற்றைகளைக் குறுக்காகக் கடக்க வேண்டியிருக்கிறது. உதயமும் அஸ்தமனமும் லென்ஸுக்கு நேர் எதிரே வருவதில்லை. தெரு அதன் பக்கவாட்டில் போய்விடுகிறது. காம்பவுண்டு சுவரே அந்தப் பக்கத்துக் கற்றைகளை மறைத்துக்கொள்கிறது. மிஞ்சுவது கிரில் கேட் வழியாகத் தெரியும் பகுதி மட்டுமே. அதற்கு, கருவியுடன் வரும் மறைப்பு ஸ்டிக்கரை லென்ஸின் உட்புறத்தில், கேட்டைப் பார்க்கும் பட்டையின் மீது ஒட்டிவிடலாம்.

வீட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் இடையே இருக்கும் மூன்றடி, ஐந்தடிச் சந்துகளுக்கு இந்த அகன்ற விசிறி பொருந்தாது. அங்கே திரைபோல ஒரே ஒரு மெல்லிய பட்டையை மட்டும் பார்க்கும் கர்ட்டன் வகை டிடெக்டரைச் சந்துக்குக் குறுக்கே பார்க்கும்படி வைப்பது நல்லது.

இடம் பிடித்திருந்தாலும், அங்கிருந்து கருவியின் கண் போகும் வழியில் என்ன இருக்கிறது என்று நின்று பாருங்கள். ஏசி அவுட்டோர் யூனிட்டின் வெப்பக் காற்று, துணி காயும் கொடிக் கயிறு, வாழையும் செம்பருத்தியும், காற்றில் அடித்துக்கொள்ளும் தார்ப்பாய் ஆகியவை பார்வைக்குள் இருக்கக் கூடாது. வெயிலில் சூடான இலை அசையும்போது அதன் பின்னால் இருக்கும் நிழல் சுவருக்கும் அதற்கும் உள்ள வெப்ப வேறுபாடு மாறி மாறிச் சென்சாரில் விழுகிறது. மனிதர் நடப்பதைப் போன்ற சிக்னலை அதுவும் தந்துவிடும்.

[காட்சி: பக்கவாட்டுத் தோற்றம். சுவரில் ஒரு மீட்டர் உயரத்தில் டிடெக்டர். மேல் கற்றை, கீழ் கற்றை இரண்டு நிறங்களில்.]

அடுத்தது உயரம். சந்தையில் இரண்டு வகைகள் கிடைக்கின்றன. ஒன்று 2.5 முதல் 3 மீட்டர் உயரத்தில் பொருத்துவது, மற்றொன்று 0.8 முதல் 1.2 மீட்டர், அதாவது ஏறக்குறைய இடுப்பளவு உயரத்தில் பொருத்துவது. நாயும் பூனையும் நடமாடும் நம் ஊர் வீடுகளுக்கு நான் இரண்டாவது வகையையே பரிந்துரைக்கிறேன். அதன் உள்ளே மேலும் கீழுமாக இரண்டு சென்சார்கள் இருக்கும். மேல் கற்றை தரைக்கு இணையாக நேராகப் போகும். கீழ் கற்றை சரிந்து தரையைத் தொடும். இரண்டு கற்றைகளும் ஒரே நேரத்தில் தடைபட்டால்தான் அலாரம். நின்று நடக்கும் மனிதர் இரண்டையும் மறைப்பார். நாய் கீழ்க் கற்றையை மட்டுமே மறைக்கும்.

இந்த அமைப்பில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கீழ்க் கற்றை தரையைத் தொடும் இடத்தைத் தாண்டி நிற்பவர் மேல் கற்றையை மட்டுமே மறைக்கிறார் என்பதால், அங்கே அலாரம் வராது. ஆகவே கீழ்க் கற்றையின் சரிவை மாற்றினால், கண்காணிக்கும் தூரத்தை நாமே வரையறுத்துக்கொள்ளலாம். 12 மீட்டர் வரை பார்க்கும் கருவி என்று பெட்டியில் போட்டிருந்தாலும், 40 அடி முற்றத்துக்கு 12 மீட்டர் முழுவதும் தேவையில்லை. எட்டு, பத்து மீட்டருக்குக் குறைத்துவைப்பதே சரி. கருவியும் தரைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சற்று முன்னால் சாய்ந்தால் மேல் கற்றையும் தரையில் விழுந்து, நாயையும் மனிதரையும் பிரித்தறியும் திறன் போய்விடும். முற்றம் கேட்டை நோக்கிச் சரிவாக இருந்தால், அந்தச் சரிவையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பூனை விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரின் சீட்டில் ஏறி உட்காரும் பூனை மேல் கற்றையின் உயரத்துக்கு வந்துவிடுகிறது. கருவிக்கு அருகில் இரண்டு கற்றைகளும் நெருங்கியே இருப்பதால், இரண்டையும் அது சேர்த்து மறைக்கக்கூடும். எனவே டிடெக்டருக்கு முன்னால் ஸ்கூட்டர், மோட்டார் பெட்டி, பூந்தொட்டி ஸ்டாண்டு போன்ற ஏறி நிற்கக்கூடிய எதையும் வைக்காதீர்கள்.

நம் கோடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதத் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். திருச்சியிலோ வேலூரிலோ மே மாதப் பிற்பகலில் காற்றே 40 டிகிரியைத் தொடுகிறது. சுவரும் தரையும் அதைவிடக் கூடுதலாகக் காய்கின்றன. சுற்றுப்புறமும் உடலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும் நேரத்தில், சென்சாருக்குப் பிடித்துக்கொள்ள வேறுபாடே குறைந்துவிடுகிறது. வெப்பநிலைக்கு ஏற்ப உணர்திறனைத் தானாகச் சரிசெய்யும் வசதி உள்ள கருவியை வாங்குங்கள். அகச்சிவப்புடன் மைக்ரோவேவ் சென்சாரும் சேர்ந்த இரட்டை வகையில், இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் அலாரம் என்பதால் தவறான அலாரம் குறையும். ஆனால் மைக்ரோவேவ் மெல்லிய பலகையையும் தகடில்லாத கதவையும் ஊடுருவும் என்பதால், அதன் தூரத்தைக் குறைத்தே வைக்க வேண்டும்.

ஹார்டுவேர் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும், விளக்கை எரியவைக்கும் சென்சார்களை அலாரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் இரட்டைக் கற்றையும் இல்லை, மூடியைத் திறந்தால் தெரிவிக்கும் டேம்பர் சுவிட்சும் இல்லை.

[காட்சி: சுவரில் துளை போடுதல். கேபிள் கீழ்ப்பக்கமாக நுழைகிறது.]

இடம் முடிவான பிறகு, ஆறு மில்லிமீட்டர் பிட்டால் துளையிட்டு, ரால் பிளக் செருகி, பின்தகட்டை முடுக்குங்கள். கடற்கரை ஊர்களில் சாதாரண ஸ்க்ரூ விரைவிலேயே துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள். மழைக்கு ஐபி 55 அல்லது அதற்கு மேற்பட்ட தரம் இருப்பது நல்லது. கேபிளைக் கீழிருந்து நுழைத்து, நுழையும் இடத்துக்கு முன்பாக ஒரு சிறு தொங்கல் விடுங்கள். பைப்பில் வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். பின்தகட்டின் மேல்பக்கமும் இரு பக்கங்களும் சிலிக்கான் பூசப்பட வேண்டும், அடிப்பக்கத்தை மூடிவிடாதீர்கள். உள்ளே சேரும் ஈரம் வெளியேற அதுவே வழி. கண்ட்யூட் பைப்பின் வாயை மட்டும் மறக்காமல் அடையுங்கள். பல்லி, எறும்பு, குளவி மூன்றும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன. சர்க்யூட் போர்டில் கட்டிய எறும்புக் கூடு ஒரு நல்ல கருவியை வீணாக்கிவிடும்.

வயரிங்கில் 12 வோல்ட் டிசிக்கு இரண்டு வயர்கள், அலாரம் ரிலேவுக்கு, அதாவது பேனலுக்குத் தகவல் தரும் சுவிட்சுக்கு, இரண்டு, டேம்பருக்கு இரண்டு. ஆகவே ஆறு கோர் அலாரம் கேபிள் போதும். 0.22 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 50 மீட்டர் தூரத்துக்குப் போய் வரும் மின்தடை ஏறக்குறைய 8 ஓம். டிடெக்டர் 30 மில்லி ஆம்பியர் எடுத்தால் இழப்பு கால் வோல்ட்தான். ஆனால் மின்வெட்டின்போது பேனலின் பேட்டரி தளர்ந்து 11 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்தையும் நினைத்துப் பார்த்து, நீண்ட தூரத்துக்குக் கூடுதல் தடிமனான கேபிளைப் போடுங்கள். 230 வோல்ட் வயருடன் ஒரே பைப்பில் இதைக் கொண்டுபோகக் கூடாது.

[காட்சி: டிடெக்டரின் டெர்மினலில் சிறிய ரெசிஸ்டர் பொருத்தப்படுகிறது.]

இந்தச் சிறிய ரெசிஸ்டரைப் பாருங்கள். கேபிள் ஒழுங்காக இருக்கிறதா என்பதைப் பேனல் இதன் மின்தடையை வைத்தே அறிகிறது. லைன் முடிவில் இருக்க வேண்டிய இதை, வசதிக்காகப் பேனலுக்குள்ளேயே பொருத்திவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால், வழியில் யாராவது கேபிளின் இரு வயர்களைச் சேர்த்து முறுக்கினாலும் பேனலுக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தெரியும். டிடெக்டர் என்ன கத்தினாலும் சைரன் ஒலிக்காது. ரெசிஸ்டர் டிடெக்டரின் உள்ளே இருந்தால்தான், வயரை வெட்டினாலும் சேர்த்தாலும் பேனல் கண்டுகொள்ளும். எத்தனை ஓம் என்பது பேனலுக்குப் பேனல் மாறும். அதன் கையேட்டில் உள்ள மதிப்பையே பயன்படுத்துங்கள்.

பேட்டரியில் இயங்கும் வயர்லெஸ் வகையைப் பொருத்துவது எளிது. ஆனால் அவற்றில் பல, ஒருமுறை சிக்னல் அனுப்பிய பிறகு பேட்டரியைச் சேமிக்க இரண்டு, மூன்று நிமிடங்கள் ஓய்வெடுக்கும். சோதிக்கும்போது இது தெரியாமல் பலர் குழம்புகிறார்கள்.

[காட்சி: வாக் டெஸ்ட். ஒருவர் முற்றத்தில் குறுக்காக நடக்கிறார். டிடெக்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது.]

மின்சாரம் கொடுத்ததும், கையேட்டில் சொன்ன நேரம் வரை சென்சார் நிலைபெறக் காத்திருந்து, வாக் டெஸ்ட் நிலையில் வையுங்கள். கேட்டிலிருந்து கதவுக்கு இயல்பான வேகத்தில் நடங்கள். பிறகு மிக மெதுவாக, பிறகு குனிந்து, பிறகு சுவரை ஒட்டி நடங்கள். எங்கே விளக்கு எரிகிறது என்று தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் ஒருவரைக் கேட்டுக்கு வெளியே தெருவில் நடக்கச் சொல்லுங்கள்; அப்போது விளக்கு எரியவே கூடாது. எரிந்தால் தூரத்தைக் குறையுங்கள், அல்லது இன்னொரு பட்டையை மறையுங்கள். எல்லாம் முடிந்ததும் அந்தச் சிவப்பு விளக்கை அணைத்துவிடுங்கள். எங்கே பார்க்கிறது, எங்கே பார்க்கவில்லை என்பதை வெளியாளுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

பேனலில் இந்த டிடெக்டருக்கான ஸோனை, அதாவது அதன் இணைப்பை, முதல் இரண்டு வாரங்களுக்குச் சைரனுடன் இணைக்க வேண்டாம். முற்றத்து எல்இடி விளக்கு எரிவதும் போனுக்குச் செய்தி வருவதும் போதும். எந்த நேரத்தில், எதற்காகச் செய்தி வந்தது என்று பார்த்து, காரணத்தை ஒவ்வொன்றாக நீக்குங்கள். அதன் பிறகும், ஒரே ஒரு சிக்னலுக்குச் சைரன் ஒலிக்காமல், குறுகிய நேரத்துக்குள் இரண்டாவது சிக்னலும் வந்தால் மட்டும் ஒலிக்கும்படி அமைக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள். டேம்பர் ஸோன் மட்டும் 24 மணி நேரமும் செயலில் இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை லென்ஸை ஈரத் துணியால் துடைத்து, சிலந்தி வலையை எடுத்துவிடுங்கள். தின்னர், ஸ்பிரிட் எதுவும் படக் கூடாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு, செப்டம்பரில் மூடியைத் திறந்து ஈரமும் எறும்பும் இருக்கிறதா என்று பாருங்கள். மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கும், அதே நாள் இரவும் வாக் டெஸ்ட்டைத் திரும்பச் செய்து, சாக்பீஸ் குறிகள் எவ்வளவு மாறுகின்றன என்று ஒப்பிடுங்கள். முற்றத்தில் புதிதாகச் செடி வைத்தாலும், கார் நிறுத்தும் இடத்தை மாற்றினாலும், அன்றைக்கே இன்னொரு முறை நடந்து பார்த்துவிடுங்கள்.