பதில் சொல்ல வழி வந்த பிறகு: புதிய ஊடகம் நம் பேச்சை என்ன செய்தது?

[திரை: கறுப்புப் பின்னணி. தடிமனான பழைய கைபேசி ஒன்று மெல்லத் தெரிகிறது.]

வணக்கம். 1992 டிசம்பர் 3. பிரிட்டனில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் தன் கணினியிலிருந்து ஒரு கைபேசிக்கு ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்று அனுப்பினார். உலகின் முதல் எஸ்எம்எஸ் அதுதான். வோடஃபோன் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜார்விஸ் என்பவருக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர் படித்தார். ஆனால் பதில் அனுப்பவில்லை, அனுப்பவும் முடியாது. அவரிடம் இருந்த போனில் வந்த செய்தியைப் படிக்கலாம், எழுதி அனுப்ப வசதி கிடையாது.

இந்த வீடியோவில் பேசப்போவது அந்தப் பதிலைப் பற்றித்தான்.

பழைய ஊடகத்துக்கும் புதிய ஊடகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் முதலில் வேகத்தைத்தான் சொல்வோம். ஆனால் வேகம் எப்போதோ வந்துவிட்டது. 1844-லேயே சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அடித்துக் காட்டினார். 1876-ல் தொலைபேசி வந்தது. வானொலியில் ஒருவர் பேசினால் அதே நொடியில் ஆயிரக்கணக்கான வீடுகளில் கேட்டது. நம் அன்றாடப் பேச்சைத் தலைகீழாக மாற்றியது வேறு ஒன்று. இன்று நம்மிடம் வரும் ஒவ்வொரு செய்தியும் பதிலுக்கான வழியையும் கூடவே கொண்டுவருகிறது.

[திரை: செய்தித்தாள், வானொலிப் பெட்டி, தொலைக்காட்சி. மூன்றிலிருந்தும் அம்புக்குறிகள் ஒரே திசையில்.]

செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர்கள் லட்சம் பேர். வாசகர் கடிதம் எழுதலாம், ஆனால் எதைப் போடுவது என்று ஆசிரியர்தான் முடிவு செய்வார். இந்தக் குறையை அந்தக் காலத்திலேயே கவனித்தவர்கள் இருந்தார்கள். ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1932-ல் வானொலியைப் பற்றிப் பேசும்போது, அது கேட்க வைத்தால் மட்டும் போதாது, கேட்பவரைப் பேசவும் வைக்க வேண்டும் என்றார். வானொலி அப்படி மாறவில்லை. அவர் கேட்டதைப் பிற்பாடு இணையம்தான் செய்தது.

சரி, பதில் என்பது புதியதா? கடிதத்துக்கும் பதில் எழுதினார்கள், தொலைபேசியிலும் இருவர் பேசினார்கள். ஆனால் அங்கே எல்லை தெளிவாக இருந்தது. கடிதம் வந்தால், பதில் எழுதச் சில நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் புரிந்து வைத்திருந்தார்கள். தொலைபேசியில் உடனே பதில் சொல்ல வேண்டும். ஆனால் ‘அப்போ வைக்கிறேன்’ என்றதும் பேச்சு முடிந்துவிடும். கடிதம் நேரம் கொடுத்தது, தொலைபேசி முடிவைக் கொடுத்தது.

சாட் இரண்டையும் கொடுப்பதில்லை. அது கடிதம் போல எழுத்தில் இருக்கிறது, தொலைபேசி போல உடனே பதிலை எதிர்பார்க்கிறது, ஆனால் முடிவதே இல்லை. ஒருவரோடு மூன்று வருடத்துக்கு முன் ஆரம்பித்த உரையாடல் இன்னும் அதே திரையில் திறந்தே கிடக்கிறது. காலையில் கேட்ட கேள்விக்கு ராத்திரி பதில் வருகிறது, அதற்குள் வேறு மூன்று விஷயம் பேசியாகிவிட்டது. தொடக்கமும் முடிவும் இல்லாத இந்தப் பேச்சுதான் புதிய ஊடகம் நமக்குக் கொடுத்த புதிய பழக்கம் என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்து தூரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘சாப்பிட்டியா?’ என்று கேட்பதற்காக யாரும் கடிதம் எழுதியதில்லை. இப்போது அந்தச் சின்னக் கேள்வியைத் தினமும் கேட்க முடிகிறது. உறவு பெரும்பாலும் அப்படிப்பட்ட சின்னக் கேள்விகளால்தான் ஓடுகிறது.

[திரை: ஒரு சாட் பக்கம். ஒற்றை டிக், இரட்டை டிக், அப்புறம் இரண்டும் நீலமாகின்றன. பதில் வரவில்லை. சில நொடிகள் அப்படியே நிற்கட்டும்.]

இந்தத் திரையைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தால் நீங்கள் மட்டும் தனியாக இல்லை.

2009-ல் வாட்ஸ்அப் தொடங்கியபோது அது செய்தி அனுப்பும் செயலியாகவே இல்லை. ‘வேலையாக இருக்கிறேன்’, ‘பேட்டரி குறைவு’ என்று நம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி நிலைத்தகவல் போடத்தான் ஜான் கூம் அதை உருவாக்கினார். அதே வருடம் ஐபோனில் நோட்டிஃபிகேஷன் வசதி வந்தது. ஒருவர் தன் நிலைத்தகவலை மாற்றினால் நண்பர்களுக்கெல்லாம் தெரிந்தது. உடனே ஆட்கள் அந்த வரியை வைத்தே ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் அது செய்திச் செயலியாக மாறியது. ஒருவழியாக வைத்ததையும் மனிதர்கள் இருவழியாக்கிவிடுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2014 நவம்பரில் நீல டிக் வந்தது. நாம் அனுப்பியதை அவர் படித்துவிட்டார் என்று காட்டும் அடையாளம். அதுவரை பதில் வராவிட்டால் நூறு காரணம் இருந்தது: பார்த்திருக்க மாட்டார், சிக்னல் இல்லை, போன் வேறு அறையில் இருக்கிறது. நீல டிக் அந்த நூறு காரணத்தையும் எடுத்துவிட்டது. மௌனமே ஒரு செய்தியானது. எதிர்ப்பு கிளம்பியதால், வேண்டாதவர்கள் அதை அணைத்துவைக்கும் வசதியைச் சீக்கிரமே கொண்டுவந்தார்கள். ஆனால் அணைத்து வைத்தால், ‘ஏன் அணைத்து வைத்திருக்கிறாய்?’ என்ற கேள்வி வந்தது.

ஒரு சின்ன வடிவமைப்பு முடிவு, கோடிக்கணக்கான வீடுகளில் சண்டையாகவும் சமாதானமாகவும் மாறுகிறது. பழைய ஊடகத்தில் இப்படி நடக்காது. நீங்கள் செய்தித்தாளின் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்று அதை அச்சடித்தவருக்கே தெரியாது. இப்போது நாம் படிப்பதும், எப்போது படித்தோம் என்பதும், எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதும் யாரோ ஒருவருக்கு, இல்லாவிட்டால் ஒரு நிறுவனத்துக்குத் தெரிகிறது. இதை நாம் இன்னும் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பது என் கருத்து.

[திரை: நிறுத்தற்குறிகளால் ஆன சிரித்த முகம், பிறகு எமோஜி, பிறகு வாய்ஸ் நோட்டின் அலைக்கோடு.]

எழுத்தும் மாறியது. பேச்சில் குரல் உண்டு, முகம் உண்டு. வேகமாக எழுதும் நாலு சொல்லில் அவை இல்லை. விளையாட்டுக்குச் சொன்னதும் கோபமாகத் தெரியும். 1982-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினிப் பேராசிரியர், நகைச்சுவைக்கு அடையாளமாகப் பக்கவாட்டில் சிரிக்கும் முகத்தைப் போடலாம் என்று யோசனை சொன்னது இதற்காகத்தான். 1999-ல் ஜப்பானில் ஷிகெடகா குரிடா கைபேசிக்காக 176 சின்னப் படங்கள் வரைந்தார். இன்றைய எமோஜிகள் பரவ அவை பெரிய காரணம். வாய்ஸ் நோட் வந்ததும் எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களும் தயக்கமில்லாமல் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். அதை மட்டும் வைத்தே புதிய ஊடகத்துக்கு நன்றி சொல்லலாம்.

[திரை: ஒரு குரூப். ஒரே செய்தி பல குரூப்களுக்குக் கிளை பிரிகிறது.]

இப்போது கடினமான பகுதிக்கு வருவோம்.

பழைய ஊடகத்தில் வெளியிடுவதற்கு முன்னால் சலித்தார்கள். நிருபர் எழுதுவார், துணையாசிரியர் திருத்துவார், சந்தேகமானதை ஆசிரியர் நிறுத்தி வைப்பார். தப்பு நடக்காமல் இல்லை. அதிகாரத்துக்குப் பயந்து உண்மையை நிறுத்தி வைத்த ஆசிரியர்களும் உண்டு. ஆனால் தப்பு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும்; பத்திரிகையிலேயே பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கும்.

புதிய ஊடகத்தில் முதலில் வெளியாகிறது, சலிப்பது அப்புறம்தான். சலிக்கும் வேலை படிக்கிற நம் தலையில் விழுகிறது. அதிலும் ஃபார்வர்ட் செய்தியில் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுதியவர் யாரென்று தெரியாது, அனுப்பியவரை நன்றாகத் தெரியும். அனுப்பியவர் மாமா. மாமா பொய் சொல்ல மாட்டார். அதனால் செய்தியும் உண்மையாகத்தான் இருக்கும் என்று மனம் போகிறது. மாமாவின் மேல் வைத்த நம்பிக்கை, மாமாவே பார்த்திராத யாரோ ஒருவர் எழுதியதற்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதைத் தடுக்க முடியுமா என்றால், கொஞ்சம் முடிகிறது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் வாட்ஸ்அப் உலகம் முழுவதும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. யாருடைய செய்தியையும் யாரும் வெட்டவில்லை. அனுப்புவதைக் கொஞ்சம் சிரமமாக்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் தடையின்றி ஓடும்படி வடிவமைத்தவர்களால்தான் அதை மெதுவாக்கவும் முடியும் என்பதையும் இது காட்டுகிறது.

மரியாதையான வழியில் மறுப்பது எப்படி என்றும் கேட்பீர்கள். குரூப்பில் எல்லார் முன்னாலும் திருத்தினால் அனுப்பியவருக்கு வலிக்கும், அவர் தன் பக்கத்தில் இன்னும் உறுதியாக நின்றுவிடுவார். தனியாக அனுப்பி, ‘இது எங்கே வந்தது, மாமா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று கேட்பது பெரும்பாலும் வேலை செய்யும்.

[திரை: காலியான தெரு, மின்சாரம் இல்லாத இரவு, பேட்டரியில் ஓடும் சின்ன வானொலி.]

பழைய ஊடகம் செத்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். புயலிலும் நிலநடுக்கத்திலும் கைபேசிக் கோபுரங்கள் நின்றுபோகும். அப்போது இரண்டு பேட்டரியில் ஓடும் வானொலி தகவல் சொல்கிறது. அதற்குப் பதில் சொல்ல முடியாதுதான். ஆனால் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் ஒரே தகவல் போய்ச் சேருகிறது. இப்படிப் பொதுவாகக் கேட்பது நம்மிடம் குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் ஃபீடில் வருவது உங்கள் தம்பியின் ஃபீடில் வருவதில்லை. ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு பேருக்கு இரண்டு உலகம் தெரிகிறது.

[திரை: இரவு. மேஜை மேல் ஒரு கைபேசி ஒளிர்கிறது. மேலதிகாரியின் செய்தி.]

கடைசியாக, வேலை. பதிலுக்கான வழி எப்போதும் திறந்திருந்தால், மேலதிகாரிக்கும் அது திறந்துதான் இருக்கும். இங்கே சட்டமே தலையிட்டிருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும் என்ற சட்டம் 2017 ஜனவரியில் பிரான்ஸில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவிலும் இப்படி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்தியைப் படிக்காமலும் பதில் சொல்லாமலும் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு, அந்த மறுப்பு நியாயமற்றதாக இருந்தால் தவிர. எது நியாயம் என்று பார்க்க, தொடர்புகொண்ட காரணம் என்ன, எந்த வழியில் தொடர்புகொண்டார்கள், ஊழியரின் பொறுப்பு என்ன, அவருடைய குடும்பச் சூழ்நிலை என்ன என்றெல்லாம் கவனிக்கச் சொல்கிறது அந்தச் சட்டம்.

வீட்டுக்கும் நட்புக்கும் இப்படி ஒரு சட்டம் வராது, வரவும் வேண்டாம். ஆனால் அனுப்பும்போதே ‘அவசரமில்லை, நாளைக்குச் சொன்னால் போதும்’ என்று ஒரு வரி சேர்க்க முடியும். கடிதத்தில் தானாகவே கிடைத்த நேரத்தை இப்போது நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் சில காலமாக அப்படித்தான் அனுப்புகிறேன். பதில்கள் தாமதமாக வருகின்றன, முன்பைவிட நீளமாக வருகின்றன.