எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள்

(மொரீஷியஸ், ரோஸ் ஹில்லில் தமிழ் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பிள்ளைக்கு மைக்ரோஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாக்கும்?" என்பதுதான். பெட்டியில் 2000 என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி ஏமாறாதீர்கள். 200 நானோமீட்டரைவிட, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கைவிட, நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் தனித்தனியாகக் காட்ட முடியாது. அது ஒளியின் அலைநீளம் போட்ட எல்லை. ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அப்பே 1873-லேயே சொல்லிவிட்டார். ஆயிரத்துச் சொச்சம் மடங்குக்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும்.

சரி, அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பெரும்பாலான செல்களுக்கு நிறமே கிடையாது. வெங்காயத் தோலை உரித்துத் தண்ணீரில் வைத்து, விளக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம்தான் கண்ணைக் கூசும். தகடு வைக்கும் மேடைக்குக் கீழே ஒளியைக் குறைக்கும் திரை இருக்கும். அதைக் கொஞ்சம் மூடினால் செல்சுவர்கள் கோடுகோடாக எழும்பி வரும். ஒரு சொட்டு அயோடின் விட்டால் உட்கருவும் துலங்கிவிடும். மடங்கு மாறவே இல்லை, கவனித்தீர்களா?

நம் தீவில் இது வெறும் பள்ளிக்கூடப் பாடம் இல்லை. 1866 முதல் 1868 வரை மலேரியா இங்கே பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனது. அப்போதும் நுண்ணோக்கி இருந்தது. ரத்தத்தில் எதைத் தேடுவது என்றுதான் எவருக்கும் தெரியவில்லை. 1880-இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் சாயம் போடாத ரத்தத்திலேயே கிருமியைப் பார்த்தார். அது சாட்டை போன்ற இழைகளை வீசித் துள்ளியது, அதனால் கண்ணில் பட்டது. துள்ளாமல் கிடக்கும் கிருமியை என்ன செய்வது?

அங்கேதான் சாயம் வருகிறது. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் மெல்லிசாக இழுக்க வேண்டும். காய்ந்ததும் மெத்தனாலில் நனைத்து, அப்புறம் ஜீம்சா சாயம். லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸை இறக்கினால், ஏழெட்டு மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலச் சிவப்பணுவுக்குள் சிவப்புக்கல் பதித்த நீல மோதிரம் ஒன்று தெரியும். கல் கிருமியின் உட்கரு, வளையம் அதன் உடல். மலேரியாக் கிருமியில் பல வகை உண்டு. சிவப்பணு ஊதியிருந்தால் பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஊதாமல், ஒரே அணுவில் இரண்டு மூன்று வளையம் இருந்தால் பால்சிபாரம் வகை என்று சந்தேகப்பட வேண்டும். அதுதான் உயிரை வாங்குவது.

கொசு வழியாக மலேரியா பரவுவதைக் காட்டிய ரொனால்டு ராஸ் 1907-இல் இங்கேயே வந்து ஆலோசனை சொன்னார். மலேரியா ஒழிந்தது என்று 1973-இல் அறிவித்தார்கள். 1975-இல் புயலுக்குப் பிறகு திரும்பி வந்துவிட்டது. மறுபடி விரட்டியிருக்கிறோம்.

மலேரியா உள்ள நாடுகளுக்குப் போய்த் திரும்புகிறவர்களிடம் சுகாதார ஊழியர் ஒரு துளி ரத்தம் கேட்பது இதனால்தான். "காய்ச்சலே இல்லையே, எனக்கு எதற்கு?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன் தகட்டை நகர்த்தி நகர்த்திக் குறைந்தது 100 இடம் பார்க்க வேண்டும். அவ்வளவு நேரம் உட்கார ஒருவர் தயாராக இருக்கிறார். நீங்கள் விரலை நீட்டினால் போதும்.