கோடாலி வெட்டு வாங்கின கதவும் அதக் காப்பாத்தின சனங்களும்

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் விழா மேடையில மியூசியம் பத்திப் பேசப்போறேன்னு சொன்னதுமே பின் வரிசையில ரெண்டு பேர் டீ குடிக்கக் கிளம்பிட்டாங்க, பரவால்ல, மிச்சம் இருக்கறவங்க கேளுங்க.

நாம மாசசூசெட்ஸ்ல இருக்கோம். ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தா பாஸ்டன்ல பெரிய மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுறோம். ஆனா இங்க சின்ன ஊர் ஒவ்வொண்ணுலயும் ஒரு பழைய வீடு இருக்கும், வாசல்ல ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி, அதாவது ஊர் வரலாற்றுச் சங்கம்னு போர்டு, வாரத்துல ஏதோ ஒரு நாள் மத்தியானம் மட்டும் திறந்திருக்கும், நாம கார நிறுத்தாமப் போயிடுவோம். 2014-ல அரசாங்கம் எடுத்த கணக்குல இந்த நாட்டுல 35 ஆயிரத்துக்கு மேல மியூசியம், அதுல கிட்டத்தட்ட பாதி இந்த மாதிரி ஊர்ச் சங்கங்கதான். பெரும்பாலும் சம்பளம் வாங்காத வாலண்டியர்ஸ் நடத்துறது.

அதுல ஒண்ணே ஒண்ணு சொல்றேன். டியர்ஃபீல்டு. மேற்கு மாசசூசெட்ஸ்ல, நார்தாம்ப்டன் தாண்டி 91-ம் நம்பர் ஹைவேல போனா வரும். 1704 பிப்ரவரி 29, விடியறதுக்கு முன்னாடி, பனி குவிஞ்சு கிடக்கு, கனடாவுலேர்ந்து பிரெஞ்சுக்காரங்களும் அவங்களோட சேர்ந்த பூர்வகுடி மக்களுமா சுமார் 300 பேர் இந்த ஊர் மேல விழுந்தாங்க. ஊர்ல ஏறக்குறைய 50 பேர் செத்தாங்க, 112 பேரப் பிடிச்சு 300 மைல் நடத்தியே கனடாவுக்குக் கொண்டு போனாங்க. ஜான் ஷெல்டன்னு ஒருத்தர் வீட்டுக் கதவு லேசுல உடையல. தடிச்ச ஓக் மரம், மேல பூரா ஆணி. கோடாலியால கொத்திக் கொத்தி ஒரு ஓட்டை போட்டு, அது வழியா சுட்டதுல உள்ள இருந்த ஒரு பொண்ணு செத்துப்போச்சு. அந்தக் கதவு இன்னைக்கும் இருக்கு. மரம் பிளந்து, சிம்பு சிம்பா உள்பக்கம் தெரியுது, வெட்டு எந்தப் பக்கம் சாஞ்சு விழுந்துதுன்னு கூட நின்னு பாத்தா புரியும்.

வீடு இல்ல. 1848-ல இடிச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி ஊர்க்காரங்க நன்கொடை கேட்டு அறிக்கை எல்லாம் விட்டாங்க, பணம் சேரல. பழைய கட்டடத்தக் காப்பாத்தணும்னு இந்த நாட்டுல நடந்த முதல் முயற்சிகள்ல ஒண்ணுன்னு இதச் சொல்றாங்க, அதுவே தோத்துப்போச்சு! கதவு பாஸ்டன் பக்கம் ஒருத்தர் கைக்குப் போய், 1868-ல திரும்ப ஊருக்கு வந்துச்சு. ரெண்டே வருஷத்துல, 1870-ல, அதே ஷெல்டன் வம்சத்துல வந்த ஜார்ஜ் ஷெல்டன்னு ஒரு விவசாயி நாலு பேரச் சேத்து பொகம்டக் வேலி மெமோரியல் அசோசியேஷன்னு ஊர் வரலாற்றுச் சங்கத்த ஆரம்பிச்சாரு. 1798-ல கட்டின ஒரு பள்ளிக்கூடத்து செங்கல் கட்டடத்துல 1880-ல மியூசியம் திறந்தாங்க, பேரு மெமோரியல் ஹால். வீடு வீடா வாங்கின ராட்டை, பானை சட்டி, கரண்டி இதெல்லாம் வச்சு ஒரு முழு சமையலறையவே உள்ள அமைச்சாரு மனுஷன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வரிசையா அடுக்குறது மட்டுமே மியூசியம்னு இருந்த காலத்துல இது ரொம்பப் புதுசு.

ஷெல்டன் பேரத்தான் எல்லாரும் சொல்வாங்க, எனக்கென்னவோ அங்க உழைச்ச பொம்பளைங்கதான் பெருசாத் தெரியுறாங்க. ஆலிஸ் பேக்கர்னு ஒரு டீச்சர், கைதியாப் போனவங்க என்னதான் ஆனாங்கன்னு தெரிஞ்சே ஆகணும்னு கனடாவுக்குப் போய் சர்ச் பதிவேடுகளப் புரட்டி ஆளாளா தேடிக் கண்டுபிடிச்சாங்க. மார்கரெட் வைட்டிங், எல்லன் மில்லர்னு ரெண்டு பேரு, மெமோரியல் ஹால்ல இருந்த பழைய எம்பிராய்டரிங்களப் பாத்து, அந்த தையலக் கத்துக்கிட்டு, 1896-ல ஊர்ப் பெண்களுக்கு அதையே கைத்தொழிலாக்கினாங்க. லினன் துணி, அவுரி நீல நூல், ஓரத்துல ராட்டைக்குள்ள டி-ன்னு ஒரு எழுத்து, அதுதான் அவங்க முத்திரை. மியூசியத்துல கிடந்த துணி ஊர்ல நாலு வீட்டுக்கு வருமானம் ஆச்சு. ஆலன் சகோதரிகள் ஃபிரான்சிஸ், மேரி, ரெண்டு பேருமே காது கேக்காமப் போய் டீச்சர் வேலைய விட்டவங்க, கேமராவத் தூக்கி ஊரையே படமாப் பிடிச்சு வச்சுட்டாங்க.

இப்ப சங்கடமான விஷயத்துக்கு வர்றேன். மெமோரியல் ஹால்ல செத்தவங்க, கைதியானவங்க நினைவா பளிங்குக் கல்வெட்டு வச்சாங்க. அதுல மேரின்னு ஒரு பொண்ணப் பத்தி, அவ ஒரு காட்டுமிராண்டியக் கட்டிக்கிட்டு தானும் அப்படியே ஆயிட்டாங்கிற அர்த்தத்துல எழுதியிருந்தாங்க. கல்லுல, பெரிய எழுத்துல! பாதிரியார் ஜான் வில்லியம்ஸோட பொண்ணு யூனிஸ், ஏழு வயசுல கைதியாப் போனவ, மோஹாக்குங்கற பூர்வகுடி மக்களோடயே வளந்து, அங்கேயே கல்யாணம் பண்ணி, 1785-ல அங்கதான் கண்ண மூடினா, அப்பா திரும்பி வந்து எவ்ளோ கூப்பிட்டும் வரல. நடுவுல சொந்தங்களப் பாக்க வந்திருக்கா, பாத்துட்டுத் திரும்பிட்டா. 1837-ல அபினாக்கிங்கற இன்னொரு பூர்வகுடி மக்கள் ஒரு கூட்டமா டியர்ஃபீல்டுக்கு வந்து, நாங்க யூனிஸ் வழி வந்தவங்கன்னு சொல்லி, வில்லியம்ஸ் கல்லறையப் பாத்துட்டுப் போனாங்க. ஆனா ஊர் வரலாறு எழுதினவங்க, இங்க இருந்த பூர்வகுடிகள் அழிஞ்சே போயிட்டாங்கங்கிற தொனியிலதான் எழுதி வச்சாங்க. வாசல் வரைக்கும் வந்து நின்னவங்கள எப்படிங்க இல்லன்னு எழுத முடிஞ்சுது?

இந்தக் கேள்விய ரொம்ப காலம் கழிச்சு அதே சங்கமே எடுத்துக்கிச்சு. கல்வெட்டப் பேத்து எடுக்கல, உறுத்துற வாசகத்துக்கு மேல புது வாசகம் வச்சாங்க. எடுத்துட்டா முன்னாடி எப்படி நினைச்சாங்கங்கறதே மறைஞ்சு போயிருக்கும், அதனால இதுதான் சரின்னு நான் நினைக்கிறேன், நீங்க ஒத்துக்கலன்னா அப்புறம் சண்டை போடலாம். 2004-ல, 300 வருஷம் ஆனப்ப, இங்கிலீஷ்காரங்க, பிரெஞ்சுக்காரங்க, பூர்வகுடிகள்ல அபினாக்கி, மோஹாக், வெண்டாட்டுன்னு அஞ்சு தரப்பும் அந்த ஒரே விடிகாலைய எப்படிப் பாத்தாங்கன்னு தனித்தனியா சொல்ற வெப்சைட்டையும் போட்டாங்க. கதவு அதேதான், பக்கத்துல எழுதியிருக்கறதுதான் மாறிட்டே வருது.

வாலண்டியர் வேலைன்னா தூசி தட்டுறது, வர்றவங்களுக்குச் சுத்திக் காட்டுறதுன்னுதான் நெனைப்போம். எந்த ஊர்ச் சங்கத்துலயும் நிஜமான தலைவலி நம்பர் போடுறது. 1987.12.3-ன்னு ஒரு கரண்டியில இருந்தா, 1987-ல வந்த 12-வது நன்கொடையில மூணாவது பொருள்னு அர்த்தம், அதையும் நேரா எழுதக் கூடாது, கழட்டக்கூடிய வார்னிஷ் ஒரு பூச்சு, அதுமேல பொடி எழுத்து, மேல இன்னொரு பூச்சு. நம்பர் அழிஞ்சா அது யார் வீட்டுக் கரண்டின்னு யாருக்கும் தெரியாது. அடுத்தது வேண்டாம்னு சொல்றது. தாத்தா வீட்டு தையல் மிஷின், குடும்ப பைபிள் எல்லாம் வந்துட்டே இருக்கும், பத்தாவது தையல் மிஷினக் கொண்டு வர்ற பாட்டிகிட்ட முகம் கோணாம மறுக்கணும். அதவிடக் கஷ்டம் நல்ல கதையப் பொய்னு சொல்றது. டியர்ஃபீல்டு தாக்குதலே ஒரு சர்ச் மணிய மீட்கத்தான் நடந்ததுன்னு ரொம்ப நாளா ஒரு கதை ஓடுது, ஆதாரம் இல்லன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்லியாச்சு, இருந்தாலும் ஜனங்களுக்கு மணிக் கதைதான் இனிக்குது.

டைம் ஆச்சுன்னு செயலாளர் சைகை காட்டுறாரு. குளிர்காலத்துல அந்த மியூசியம் மூடியிருக்கும், மே மாசம் திறப்பாங்க. பாஸ்டன்லேர்ந்து ரெண்டு மணி நேரம். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைங்களோட ஒரு வேன் போடலாம்னு யோசனை, யாருக்கு இஷ்டமோ சாப்பாட்டு வரிசையில என்கிட்ட பேரு குடுங்க. நன்றி.