கல்லூரிப் பாடத்தைப் படிப்பது எப்படி? குடியாத்தம் மாணவியின் சந்தேகத்திற்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வேலூருக்கு வந்து வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருக்கிறார்: “பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். கல்லூரியில் ஆங்கிலப் புத்தகம் இரண்டு பக்கத்துக்கு மேல் புரிவதில்லை. நோட்ஸை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறேன். அடுத்த வாரமே மறந்துவிடுகிறது. அம்மா வீட்டில் பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைக்கிறார். நான் உண்மையில் படிக்கிறேனா? இந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்கிறதா?”

இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன் அம்மா. கல்வியின் மதிப்பு தெரியாததால்தான் மாணவர்கள் படிப்பதில்லை என்று மேடைகளில் பேசுவதை நான் ஏற்பதில்லை. ஒரு நூலைப் படிக்கும் முறையை யாரும் கற்றுத் தராததால்தான், படிப்பவருக்கு அதன் மதிப்பு தெரியாமல் போகிறது. பள்ளியில் பாடத்தின் கடைசியில் உள்ள வினாக்களுக்கு விடை எங்கே இருக்கிறது என்று கோடு போட்டுப் படித்தீர்கள். கல்லூரிக்கு வந்ததும், உங்களுக்கு நூலைப் படிக்கத் தெரியும் என்று ஆசிரியர்களாகிய நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இடையில் நடந்திருக்க வேண்டிய பயிற்சி நடக்கவில்லை. அந்தக் குறை உங்களுடையது அல்ல.

முதலில் மறதியைப் பற்றிப் பேசலாம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு சுற்றுகளிலும் படித்தார்கள். மற்றொரு பிரிவினர் முதல் சுற்றில் மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றுகளிலும் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதமும், பாராமல் எழுதியவர்களுக்குச் சுமார் 61 சதவீதமும் நினைவில் இருந்தன. இதில் நான் மிகவும் கவனிப்பது வேறொன்று: தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள், திரும்பத் திரும்பப் படித்த பிரிவினரே. கண்ணுக்குப் பழகிய வரி, புரிந்துவிட்ட வரியைப் போலத் தோன்றிவிடுகிறது.

ஆகவே, ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதைப் படித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன சொல்லியிருக்கிறது என்று உங்கள் தமிழில் ஐந்தாறு வரி எழுதுங்கள். எழுத முடியாமல் பேனா நிற்கும் இடமே உங்களுக்குப் புரியாத இடம். பிறகு புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தை மட்டும் மறுபடி படியுங்கள். ஆங்கிலத்துக்காக வரிக்கு வரி அகராதி பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல், வணிகவியல் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தின் இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், அடிப்படைக் கலைச்சொற்கள் உங்களுக்குப் பழகிவிடும்.

இனி மதிப்பு. ஒரு பொருளைச் செய்து முடிக்க ஆகும் செலவைக் கணக்கிடும் உங்கள் அடக்கவிலைக் கணக்கியல் பாடத்தில் பீஸ் ரேட் என்ற கூலி முறை வரும். வேலை செய்த நேரத்துக்கு அல்லாமல், செய்து முடித்த அளவுக்குக் கூலி தருவது அது. டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர், குறிப்பிட்ட அளவை எட்டியவருக்கு உயர்ந்த வீதத்திலும் எட்டாதவருக்குக் குறைந்த வீதத்திலும் கூலி தரும் ஒரு முறையை வகுத்தார் என்று படித்து, அதற்குக் கணக்கும் போடுவீர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று உங்கள் அம்மா வாங்குவதும் பீஸ் ரேட்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எவ்வளவு இலையும் தூளும் எடை போட்டுத் தருகிறார்கள், இலை மட்டமாக வந்து ஆயிரம் தேறாவிட்டால் அந்தக் குறையை யார் ஈடுகட்டுகிறார்கள், சரியில்லை என்று கழிக்கும் பீடிக்குக் கூலி உண்டா? அவர் சொல்வதை ஒரு பக்கம் எழுதுங்கள். அதே பாடநூலில், தவிர்க்க முடியாத இயல்பான இழப்பு நல்ல பொருள்களின் அடக்கவிலையில் சேரும் என்று இருக்கிறது. அப்படியானால், மட்டமான இலையால் வரும் இழப்பு உங்கள் வீட்டில் யாருடைய கணக்கில் சேருகிறது என்று அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு எந்த நோட்ஸிலும் விடை இருக்காது. உங்களால் எழுத முடியும்.

அதோடு நிற்க வேண்டாம். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்காக 1966இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது; வீட்டிலிருந்து சுற்றுபவர்களையும் அது தொழிலாளர்களாகவே கணக்கில் எடுத்துக்கொண்டது. வருங்கால வைப்பு நிதியும் அவர்களுக்கு உண்டு. அம்மாவின் பி.எஃப். கணக்கில் என்ன ஏறியிருக்கிறது என்று பார்த்து அவருக்கு விளக்க, வணிகவியல் படிக்கும் நீங்கள்தான் வீட்டில் தகுதியானவர். படிப்பால் வேலை கிடைக்க வேண்டும் என்று நினைப்பதில் தாழ்வு ஒன்றும் இல்லை. நானும் அதையே விரும்புகிறேன். ஆனால் அந்த வேலை கிடைக்கும் நாள் வரை காத்திராமல், இந்த ஆண்டே உங்கள் வீட்டுக்குப் பயன்படும் கல்வி உங்கள் கையில் இருக்கிறது.

நீங்கள் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர் என்றால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறதா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எழுத இடமும் நேரமும் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். பேருந்து நெரிசலில் எழுத முடியாதுதான். வகுப்பு முடிந்ததும் கல்லூரி நூலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த ஐந்தாறு வரியை எழுதிவிட்டுப் பேருந்து ஏறுங்கள். வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கத் தயக்கமாக இருந்தால், எழுதிய தாளை ஆசிரியரிடம் தனியே கொண்டுபோய், பேனா நின்ற இடத்தைக் காட்டி, “ஐயா, இதுவரை புரிகிறது, இங்கே புரியவில்லை” என்று சொல்லுங்கள். மொத்தப் பாடமும் புரியவில்லை என்று வரும் மாணவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்கும் தெரிவதில்லை. இடத்தைக் காட்டிக் கேட்பவருக்கு அவரால் பத்து நிமிடத்தில் விளக்கிவிட முடியும்.