கல்வாழை கருகிவிட்டது, வாழைக்குப் போர்வை கட்டும் நேரம் வந்துவிட்டது

வணக்கம். முதலில் இதைக் காட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம். இது கல்வாழை. நேற்று மாலை வரை ஆள் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நின்றது. இன்று காலை பாருங்கள், வெந்நீர் ஊற்றியது போல இலையெல்லாம் கருத்துத் தொங்குகிறது. தொட்டால் நனைந்த காகிதம் மாதிரிக் குழைகிறது. ராத்திரி முதல் உறைபனி விழுந்துவிட்டது.

இப்போது கேமராவை இந்தப் பக்கம் திருப்புகிறேன். பத்தடி தள்ளிச் சுவரோரத்தில் நிற்பதும் கல்வாழைதான், ஒரே கிழங்கிலிருந்து பிரித்து நட்டது. இதில் ஓர் இலை கூட வாடவில்லை. இரவில் எவ்வளவு கீழே போனது என்று குறித்து வைக்கிற வெப்பமானி ஒன்றை இரண்டு இடத்திலும் மாட்டியிருக்கிறேன். கருகியது நிற்கும் அந்தக் கீழ்மூலையில் மைனஸ் 2 டிகிரி காட்டுகிறது. சுவரோரத்தில் பிளஸ் 1. அந்த மூன்று டிகிரிதான் வித்தியாசம்.

பகல் முழுக்க வெயில் வாங்கிய சுவர், இரவில் அந்தச் சூட்டை மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. மேலே கூரையின் இறவாரம் நீட்டிக்கொண்டிருப்பதால், தரையில் இருக்கும் சூடும் நேரே வானத்துக்குப் போய்விடாமல் கொஞ்சம் தங்குகிறது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து ஓடும். என் தோட்டத்தில் பள்ளம் அந்தக் கீழ்மூலைதான். மேகமும் அந்த இறவாரம் மாதிரிதான், சூட்டை வானத்துக்குப் போகவிடாமல் தடுக்கும். அதனால் மேகம் மூடிய இரவுகளில் நான் நிம்மதியாகத் தூங்குவேன். நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால்தான் துணியை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன். உங்கள் தோட்டத்திலும் ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு மூன்று இடங்களில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். எந்தச் செடி எங்கே நிற்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

வெப்பநாட்டுச் செடி வளர்க்கிற பலர் என்னிடம் கேட்பது, "இது எத்தனை டிகிரி தாங்கும்?" என்பதுதான். நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தச் செடியில் எந்தப் பாகம் உயிரோடு இருந்தால் போதும்? கிழங்கா, தண்டா, குருத்தா, இலையா? அது தெரிந்துவிட்டால் வேலை பாதியாகிவிடும். முழுச் செடியையும் காப்பாற்றப் போய் முழுவதையும் இழந்தவன் நான். அந்தக் கதையை இதோ, இந்த வாழையின் பக்கத்தில் நின்றுதான் சொல்ல வேண்டும்.

இது மூசா பாஸ்ஜூ. ஜப்பான் வாழை என்று சொல்வார்கள், ஆனால் இதன் தாயகம் தெற்குச் சீனா. பழத்துக்காக யாரும் வளர்ப்பதில்லை, உள்ளே விதைதான் இருக்கும். இந்த இலைக்காகத்தான் வளர்க்கிறோம். நாம் தண்டு என்று சொல்கிற இது உண்மையில் தண்டு இல்லை, மட்டை மேல் மட்டையாகச் சுற்றி நிற்கிறது, அவ்வளவுதான். நிஜத் தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரி போனாலே இலை போய்விடும். இன்னும் சில டிகிரி இறங்கினால் மட்டையும் போய்விடும். கிழங்கு மட்டும், மேலே கனமாக மூடாக்குப் போட்டிருந்தால், அதைவிடக் கடுமையான குளிரையும் தாங்கிவிடும்.

முதல் வருடம் எனக்கு இது தெரியாது. காற்றுக் குமிழி வைத்த பிளாஸ்டிக் தாளை அடியிலிருந்து உச்சி வரை மூன்று சுற்றுச் சுற்றி, மேலே இறுக்கிக் கட்டினேன். குழந்தைக்குக் கம்பளி போர்த்துவது போல அவ்வளவு கவனமாகச் செய்தேன். அந்த வருடம் குளிரும் அவ்வளவு கடுமையாக இல்லை. வசந்தத்தில் தாளைப் பிரித்தபோது ஒரு வாடை வந்தது, அதை இன்னும் மறக்க முடியவில்லை. கையை வைத்து லேசாக அழுத்தினேன், என் உயரத் தண்டு அப்படியே விரலுக்குள் குழைந்து போனது. உள்ளே முழுக்கத் தண்ணீர். பகலில் வெயில் பட்டு உள்ளே வேர்த்திருக்கிறது, வேர்த்த நீர் வெளியே போக வழியில்லை, நாலு மாதம் அழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்கு நான் உண்மையிலேயே நொந்து போனேன்.

ஆனால் ஐந்தாறு வாரம் கழித்து, களை எடுக்கும்போது அதே இடத்தில் மூன்று பச்சைக் கூம்புகள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்திருந்தன. கிழங்கு சாகவில்லை. வாழையடி வாழை என்று சும்மாவா சொன்னார்கள்? இன்று நீங்கள் பார்க்கிற இந்த மூன்று மரமும் அந்தக் கன்றுகள்தான்.

சரி, இப்போது செய்கிற முறையைப் பாருங்கள். இலையைக் காம்போடு அறுத்துவிடுகிறேன். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வாழைக்கறை பட்டால் போகாது. நடுக் குருத்தை மட்டும் விட்டுவிட்டேன். சுற்றிலும் கம்பி வலையை வளையமாக நிறுத்துகிறேன், தண்டுக்கும் வலைக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் காய்ந்த வைக்கோல். இங்கே ஒன்று கவனியுங்கள், நான் வைக்கோலைக் குத்தித் திணிக்கவில்லை, உதறி உதறிப் போடுகிறேன். குளிரைத் தடுப்பது வைக்கோல் இல்லை, அதற்குள் சிக்கி நிற்கும் காற்று. அமுக்கிவிட்டால் காற்று போய்விடும். சருகும் போடலாம், ஆனால் சருகு நனைந்தால் பாய் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதனால் எனக்கு வைக்கோல்தான் பிடிக்கும்.

வெளிப்பக்கம் காற்றுப் புகும் தோட்டத் துணியைச் சுற்றி, சணல் கயிற்றால் கட்டுகிறேன். மேலே மட்டும் மழை இறங்காத மூடி, ஒரு பக்கம் சாய்வாக. இந்த மூடிதான் எல்லாவற்றிலும் முக்கியம். குளிர்காலத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பான நாள் வந்தால் மூடியைத் தூக்கி வைத்துவிடுங்கள், உள்ளே காற்றோட்டம் கிடைக்கும், சாயங்காலம் மறுபடி மூடிவிடலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கிழங்குதான் பிழைத்துவிடுமே என்று கேட்கலாம். பிழைக்கும். ஆனால் ஒவ்வொரு வருடமும் தரையிலிருந்து தொடங்கும். தண்டு பிழைத்தால் அது விட்ட உயரத்திலிருந்து தொடங்கும். பூவும் தாரும் பார்க்க வேண்டும் என்றால் தண்டைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். அந்த ஆசை இல்லாதவர்கள் முட்டியளவுக்கு வெட்டிவிட்டு, மேலே ஒரு குவியல் வைக்கோலைப் போட்டு, நனையாமல் மூடினால் போதும்.

அடுத்து, எனக்கு ரொம்பப் பிடித்தது. மரப் பெரணி. டிக்சோனியா அண்டார்க்டிகா என்பது இதன் பெயர், தாஸ்மேனியாவும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் காடுகளும் இதன் ஊர். வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் உயரும். இடுப்பளவு வர எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இதன் பக்கத்தில் வரும்போது எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிடும்.

கேமராவை மேலே, உச்சிக்குக் கொண்டு போகிறேன். தெரிகிறதா? நடுவில் பழுப்பு முடி மூடிய உருண்டைகள், மூடிய கைமுட்டி மாதிரி. வரும் வசந்தத்தின் இலைகள் எல்லாம் இப்போதே இதற்குள் சுருண்டு தயாராக இருக்கின்றன. இந்தச் செடியின் உயிர் இங்கேதான். வாழைக்குக் கிழங்கில் இருப்பது இதற்கு உச்சியில் இருக்கிறது. இது போனால் பெரும்பாலும் மரமே போய்விடும், அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் இந்தக் குழியில் ஒரு கைப்பிடி வைக்கோலை மெதுவாக வைக்கிறேன், அப்புறம் அதன் சொந்த இலைகளையே மேலே மடக்கி, குடுமி போடுவது போலக் கட்டுகிறேன். இதன் தண்டைச் சுற்றி முழுக்க வேர்தான், அதனால் அது எலும்பாகக் காயவும் கூடாது. உறையாத நாளில் தண்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பேன், உச்சிக் குழியில் மட்டும் நீர் தேங்க விடமாட்டேன்.

அந்த மூலையில் நிற்கும் விசிறிப் பனைக்கு நான் எதுவும் செய்யப் போவதில்லை. டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி. ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தாவர வேட்டைக்காரர் 1849-இல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு இதை அனுப்பினார், அவர் பெயரே இதற்கு வந்துவிட்டது. வேர் பிடித்துவிட்டால் மைனஸ் 10 டிகிரியைக் கூடத் தாங்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

கருகிய கல்வாழையில் பதற வேண்டியது எதுவும் இல்லை. அங்கே நமக்கு வேண்டியது கிழங்கு மட்டும்தான். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்கைச் சுற்றி அகலமாகத் தோண்டி எடுத்து, லேசாக ஈரமுள்ள தேங்காய் நார்த்தூளில் புதைத்து, 5 முதல் 10 டிகிரி இருக்கும் இருட்டான இடத்தில் வைத்துவிடுவேன். டேலியாக் கிழங்கும் அதே இடத்துக்குத்தான் போகும், ஆனால் அதன் தண்டு குழல் மாதிரி இருக்கும், நீர் வடிய முதலில் சில நாள் தலைகீழாக நிறுத்த வேண்டும். மாதம் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருப்பதை எடுத்துப் போட்டுவிடுங்கள், பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும்.

சிவப்பு எத்தியோப்பிய வாழை, என்செட்டே, பார்க்க வாழை மாதிரி இருந்தாலும் அதன் குணம் வேறு. அதைப் பனிக்கு முன்பே, போன வாரமே, வேரோடு எடுத்துவிட்டேன். அது சாதாரணமாகப் பக்கக்கன்று விடாது, தண்டு போனால் எல்லாம் போச்சு. இலைகளை வெட்டி, மட்டை இடுக்கில் இருக்கும் நீர் வடியும்படி கவிழ்த்து வைத்திருக்கிறேன், அப்புறம் காய்ந்த நிலையிலேயே கொட்டகைக்குள் போகும்.

கற்றாழை வகைகளுக்கு மேலே ஒரு கண்ணாடித் தட்டு, கீழே நிறையக் கூழாங்கல். காய்ந்திருந்தால் குளிரைப் பொறுத்துக்கொள்ளும், நனைந்தால் பொறுக்காது.

தொட்டிச் செடிகளில்தான் நிறையப் பேர் மனம் உடைந்து போகிறார்கள். எலுமிச்சையைக் கொண்டு போய்ச் சூடாக இருக்கும் அறையில் வைக்கிறார்கள், இரண்டே வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிடுகிறது. அறையில் சூடு இருக்கிறது, ஆனால் வெளிச்சம் போதவில்லை, காற்றும் வறண்டிருக்கிறது. வெளிச்சம் குறைந்த காலத்தில் சூட்டையும் குறைக்க வேண்டும். உறையாத, 5 முதல் 10 டிகிரி உள்ள வெளிச்சமான இடம் எலுமிச்சைக்குப் போதும், மண் மேலே நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர். கறிவேப்பிலைக்கு அதைவிடக் கொஞ்சம் இதமான இடம் வேண்டும், அங்கேயும் அது இலையை உதிர்த்துவிட்டு நிற்கலாம். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. உள்ளே கொண்டு போகும் முன் இலையின் அடிப்பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் துடைத்துவிடுங்கள். ஒரு மாவுப்பூச்சி உள்ளே போனால் குளிர்காலம் முடிவதற்குள் எல்லாத் தொட்டிக்கும் போய்விடும்.

இன்னொன்று சொல்ல நினைத்தேன். வசந்தத்தில் முதல் வெயிலைப் பார்த்ததும் எல்லாவற்றையும் பிரித்து வெளியே வைக்க மனம் துடிக்கும், எனக்கும் துடிக்கும். பொறுங்கள். நான் இழந்த செடிகளில் பாதி, குளிர்காலத்தைத் தாண்டி வந்து கடைசி உறைபனியில் போனவை. உள்ளே இருந்த செடியை முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பத்துப் பதினான்கு நாள் பழக்குங்கள், நேரே வெயிலில் வைத்தால் இலை வெளிறி வெந்துவிடும்.

வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, வானமும் தெளிவாகத்தான் இருக்கிறது, இன்று ராத்திரியும் விழும் போலிருக்கிறது. மூன்றாவது வாழைக்கு இன்னும் மூடி போடவில்லை. கேமராவை இந்தக் கல் மேல் வைத்துவிட்டு, அந்தக் கயிற்றைக் கட்டி முடிக்கிறேன்.